13-0 எப்படி 2-10 ஆனது? ஃப்ளோரிடா ஸ்டேட் ஃபுட்பால் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃப்ளோரிடா ஸ்டேட் அணியின் ரசிகன் என்று வாயைத் திறந்தாலே போதும், பக்கத்தில் இருப்பவர் முதலில் சிரிப்பார், அப்புறம் கேள்வி கேட்பார். 2023-ல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் கான்ஃபரன்ஸ் (பல கல்லூரிகள் சேர்ந்த லீக்) பட்டம் வென்ற அணி, அடுத்த வருடம் பன்னிரண்டு ஆட்டத்தில் பத்தைத் தோற்றது. 13-0, 2-10 என்பது அந்த வெற்றி-தோல்விக் கணக்குதான். நடுவில் ஒரு கமிட்டி முடிவு, ஒரு கால் முறிவு, 63-3 என்று ஒரு ஸ்கோர், கோர்ட் வழக்கு, கோடிக்கணக்கில் பணம். ரசிகர்கள் இன்னும் யாரைத் திட்டுவது என்று அடித்துக்கொள்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே. நடுநிலை எல்லாம் எதிர்பார்க்க வேண்டாம்.

இது எந்த ஃபுட்பால்? காலேஜ் பையன்கள் ஆட்டத்துக்கா இவ்வளவு கூச்சல்?

ஹெல்மெட் போட்டு முட்டிக்கொள்ளும் அமெரிக்க ஃபுட்பால். கல்லூரி ஆட்டம் என்றதும் இன்டர்-காலேஜ் போட்டி மாதிரி நினைத்துவிடாதீர்கள். இந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் டாலஹாசி ஃப்ளோரிடாவின் தலைநகரம், ஆனால் அங்கே புரொஃபஷனல் அணி எதுவும் கிடையாது. சனிக்கிழமை டோக் கேம்பல் ஸ்டேடியத்தில் செமினோல்ஸ் (ஃப்ளோரிடா ஸ்டேட் அணியின் பெயர்) ஆடுவதுதான் ஊருக்கே விசேஷம். பாபி பவுடன் 1976-லிருந்து 2009 வரை கோச்சாக இருந்தார். அதில் 1987 முதல் 2000 வரை பதினான்கு சீசன் தொடர்ந்து, கடைசித் தரவரிசையில் நாட்டின் முதல் ஐந்து இடத்துக்குள் இருந்தது அணி. 1993, 1999, 2013 ஆகிய மூன்று சீசன்களில் தேசியப் பட்டம். ஐந்தாவது இடத்தில் முடித்தால் "இந்த வருஷம் சுமார்தான்" என்று சொல்லிப் பழகிய ஜனங்கள் இவர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் மீதி கூச்சல் புரியும்.

கோச் நார்வெல் வருவதற்கு முன்னால் அணி எப்படி இருந்தது?

மோசம். பவுடனுக்குப் பிறகு வந்த ஜிம்போ ஃபிஷர் 2013-ல் பட்டம் வாங்கிக் கொடுத்தார், 2017 சீசன் முடியும் முன்பே டெக்சஸ் ஏ அண்ட் எம் அணிக்குப் போய்விட்டார். அடுத்து வந்த வில்லி டேகார்ட்டை இரண்டாவது சீசன் முடிவதற்குள் அனுப்பினார்கள். 9 வெற்றி, 12 தோல்வி. மெம்ஃபிஸ் அணியிலிருந்து மைக் நார்வெலை 2019 டிசம்பரில் கொண்டுவந்தார்கள்.

வந்தவருக்கு முதல் வருடமே கோவிட். 3-6. அடுத்த வருடம் ஆரம்பத்திலேயே தொடர்ந்து நான்கு தோல்வி, அதில் ஒன்று ஜாக்சன்வில் ஸ்டேட் என்ற கீழ்ப் பிரிவு அணியிடம், சொந்த மைதானத்தில், ஆட்டத்தின் கடைசிப் பந்தில். அன்றைக்கே நார்வெலை வீட்டுக்கு அனுப்பச் சொன்னவர்கள் ஏராளம். அதே ஆட்கள்தான் 2023-ல் அவருக்குச் சிலை வைக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சரி, ரசிகர்கள் என்றால் அப்படித்தான்.

2023 அணி உண்மையிலேயே அவ்வளவு நல்ல அணியா, இல்லை ரசிகர்கள் கதை விடுகிறீர்களா?

நல்ல அணிதான், சந்தேகமே வேண்டாம். 2022-ன் கடைசி ஆறு ஆட்டங்களையும் சேர்த்தால் தொடர்ந்து பத்தொன்பது வெற்றி. முதல் ஆட்டத்தில் ஆர்லாண்டோவில் எல்.எஸ்.யு.வை (லூசியானா ஸ்டேட்) 45-24 என்று அடித்தார்கள். கியான் கோல்மன் மட்டும் மூன்று டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய் எடுக்கும் புள்ளி) பிடித்தார். கிளெம்சன் ஊருக்கே போய் 31-24, ஓவர்டைமில். 2014-க்குப் பிறகு கிளெம்சனை ஜெயித்ததே அப்போதுதான். அந்த ஆட்டத்தில் பாதி நேரம் தோற்றுக்கொண்டிருந்தோம். கேலன் டிலோச் எதிரணி குவார்ட்டர்பேக்கை (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) அடித்துப் பந்தைத் தட்டிவிட்டு, அதை அவரே எடுத்துக்கொண்டு ஓடி டச்டவுன் போட்டார் பாருங்கள், அந்த ஓட்டத்தை இன்றும் யாராவது அனுப்பினால் முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

நம் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸுக்கு என்ன ஆச்சு?

2023 நவம்பர் 18, நார்த் அலபாமாவோடு ஆட்டம். பயிற்சி ஆட்டம் மாதிரிதான், ஜெயிப்பது உறுதி. முதல் பகுதியிலேயே டிராவிஸ் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினார், பிடித்து இழுத்ததில் இடது கால் மடங்கிவிட்டது. மெடிக்கல் வண்டி வந்தது, மொத்த அணியும் அதைச் சுற்றி நின்றது, ஸ்டேடியத்தில் சத்தமே இல்லை. அப்போது 0-13 என்று பின்தங்கியிருந்த நம் அணி அப்புறம் 58-13 என்று ஜெயித்தது, ஆனால் அந்த ஸ்கோர் யாருக்கும் நினைவில் இல்லை.

லூயிவில்லிலிருந்து வந்து, முதலில் ரிசீவராக (எறியும் பந்தைப் பிடிப்பவர்) ஆடவைக்கலாமா என்றெல்லாம் பேசப்பட்டு, ஆறு வருடம் கல்லூரியில் உழைத்து மேலே வந்த பையன் அவர். 2024 டிராஃப்டில் (புரொஃபஷனல் லீகான என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்று சுற்றாகத் தேர்ந்தெடுப்பது) நியூயார்க் ஜெட்ஸ் ஐந்தாவது சுற்றில் எடுத்தது. அந்தக் கால் கடைசிவரை சரியாகவில்லை. ஒரு என்.எஃப்.எல். ஆட்டம்கூட ஆடாமல் 2025 ஏப்ரலில் ஓய்வை அறிவித்தார்.

தோற்காத அணியை எப்படி பிளேஆஃபில் சேர்க்காமல் விட்டார்கள்?

பிளேஆஃப் என்பது தேசியப் பட்டத்துக்கான கடைசிச் சுற்று. அப்போது அதில் நான்கு அணிகளுக்குத்தான் இடம். பதின்மூன்று பேர் கொண்ட கமிட்டி தேர்ந்தெடுக்கும். டிராவிஸ் போன பிறகு, இரண்டாவது குவார்ட்டர்பேக் டேட் ரோட்மேக்கரோடு ஃப்ளோரிடா (அதே மாநிலத்து இன்னொரு பல்கலைக்கழகம்) அணியை அவர்கள் ஊரிலேயே 24-15 ஜெயித்தார்கள். அவருக்கும் அடிபட்டதால், கான்ஃபரன்ஸ் இறுதியில் ப்ராக் க்ளென் என்ற முதல் வருடப் பையனை இறக்கினார்கள். லூயிவில்லை 16-6 ஜெயித்தார்கள். டிஃபென்ஸ் சுவர் மாதிரி நின்றது. அஃபென்ஸ் (புள்ளி எடுக்கும் பக்கம்) பார்க்கச் சகிக்கவில்லை, அதை மறைத்துப் பயனில்லை.

மறுநாள் டிசம்பர் 3 ஞாயிறு மதியம் டிவியில் நேரடியாகப் பட்டியலைப் படித்தார்கள். மிச்சிகன், வாஷிங்டன், டெக்சஸ், நான்காவதாக அலபாமா. செமினோல்ஸ் வீரர்கள் ஒன்றாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், கேமரா அந்த முகங்களைக் காட்டியது. பெரிய கான்ஃபரன்ஸ் ஒன்றில் தோற்காமல் பட்டம் வென்ற அணியை அதற்கு முன் அந்த நான்கு அணி பிளேஆஃபுக்கு வெளியே ஒருமுறைகூட விட்டதில்லை.

கமிட்டி சொன்ன காரணம் நியாயமா?

அவர்கள் விதிமுறையிலேயே, முக்கிய வீரர் இல்லாமல் போவதைக் கணக்கில் எடுக்கலாம் என்று இருக்கிறது. தலைவராக இருந்த பூ காரிகன், டிராவிஸ் இல்லாத அணி வேறு அணி என்கிற மாதிரி பேசினார். அலபாமா டெக்சஸிடம் ஒரு ஆட்டம் தோற்றிருந்தாலும், முந்தின நாள் ஜார்ஜியாவை 27-24 ஜெயித்திருந்தது. "சிறந்த நான்கு" என்று பார்த்தால் அலபாமா என்று வாதாட முடியும்.

ஆனால் எனக்கு ஒப்புக்கொள்ள முடியவில்லை. 2014-ல் ஒஹையோ ஸ்டேட் மூன்றாவது குவார்ட்டர்பேக்கை வைத்துத்தான் ஆடியது. உள்ளே விட்டார்கள், பட்டமே வாங்கியது. "அவர்கள் விஸ்கான்சினை 59-0 அடித்தார்கள், நீங்கள் 16-6 தானே" என்று எதிர்த் தரப்பு சொல்லும். சரிதான். அப்படியானால் ஜெயித்தால் போதாது, அழகாகவும் ஜெயிக்க வேண்டும் என்றாகிறது. அதை ஆகஸ்டிலேயே சொல்லியிருக்கலாமே. ஆடிக் காட்டியதைவிட, இனி எப்படி ஆடுவார்கள் என்ற ஊகத்துக்கு மதிப்பு கொடுத்தார்கள் என்பதுதான் என் கோபம். டிராவிஸ் அன்றைக்கு, என் கால் சீசன் ஆரம்பத்திலேயே உடைந்திருந்தால் நான் இல்லாமலும் இந்த அணி எப்படிப்பட்டது என்று எல்லோரும் பார்த்திருப்பார்கள் என்ற பொருளில் எழுதினார். அதைப் படித்தபின் கமிட்டிக்காக வாதாட மனம் வரவில்லை.

அப்படியானால் 2024 சரிவுக்கும் கமிட்டிதான் காரணம், சரியா?

இல்லை. இங்கேதான் எனக்கும் மற்ற செமினோல்ஸ் ரசிகர்களுக்கும் தகராறு. கமிட்டி செய்தது அநியாயம், சரி. அதற்காக 2-10-ஐயும் அவர்கள் கணக்கில் எழுதுவது நம் வீட்டு ஓட்டைக்குப் பக்கத்து வீட்டைத் திட்டுவது. ஓட்டை எங்கே என்று கீழே சொல்கிறேன், அதற்கு முன் அந்த 63-3.

63-3 எப்படி வந்தது?

2023 டிசம்பர் 30, மயாமியில் ஆரஞ்சு பவுல், எதிரணி ஜார்ஜியா. பவுல் என்பது சீசன் முடிந்தபின் தேர்ந்தெடுத்த அணிகளுக்கு நடக்கும் தனி ஆட்டம். பவுல் ஆட்ட வரலாற்றிலேயே இவ்வளவு பெரிய வித்தியாசத்தில் யாரும் தோற்றதில்லை. ஆடியது 2023 அணி என்றே சொல்ல முடியாது. கோல்மன், ஜானி வில்சன், ட்ரே பென்சன், ஜேரட் வெர்ஸ் என்று முன்னணி ஆட்கள் ஆடவில்லை. காயம், டிராஃப்ட், டிரான்ஸ்ஃபர் என்று இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இல்லை. ரோட்மேக்கரும் வேறு கல்லூரி தேடிப் போய்விட்டார். ஜார்ஜியாவும் பிளேஆஃபை இழந்த வருத்தத்தில் இருந்த அணிதான், அங்கேயும் சிலர் ஆடவில்லை. ஆனால் பெரும்பாலோர் வந்து ஆடினார்கள். அந்த வித்தியாசம்தான் ஸ்கோர்.

அண்ணே, கடைசி ஆட்டத்தில் கழன்றுகொண்டவர்களைத் துரோகி என்று சொல்லக் கூடாதா?

சொல்லக் கூடாது, தம்பி. அதே ஆரஞ்சு பவுல், 2016 டிசம்பர், எதிரணி மிச்சிகன், ஆடியது நாம்தான். மிச்சிகனின் ஜேக் பட் டிராஃப்டில் நல்ல இடத்துக்குப் போக வேண்டிய ஆள், அந்த ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்து ஐந்தாவது சுற்றுக்குத் தள்ளப்பட்டார். அதற்கும் ஒரு வருடம் முன்னால் நோட்ரடேமின் ஜெய்லன் ஸ்மித்துக்கும் இதே கதி, முதல் சில இடங்களில் போயிருக்க வேண்டியவர் இரண்டாவது சுற்றுக்குப் போனார். கிறிஸ்டியன் மெக்காஃப்ரியும் லெனர்ட் ஃபோர்னெட்டும் பவுல் ஆட்டத்தைத் தவிர்த்தது ஸ்மித்துக்கு அப்படி ஆன பிறகுதான்.

பட்டத்துக்கு ஆட வேண்டியவர்களைப் "போய் ஓரமாக ஆடிக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டு, கால் போனாலும் பரவாயில்லை என்று ஆடச் சொல்வது எந்த ஊர் நியாயம்? பையனுக்கு இருபத்திரண்டு வயது, குடும்பமே அவன் டிராஃப்டை நம்பி இருக்கிறது. சோஃபாவில் உட்கார்ந்து பார்க்கிற நமக்கு என்ன போகிறது.

மிஞ்சி ஆடிய இளம் பையன்களுக்காகத்தான் எனக்கு வருத்தம். அந்த ஸ்கோர் அவர்கள் பெயரில் நிற்கிறது.

சரி, உண்மையான ஓட்டை எது?

2024 டிராஃப்ட் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஃப்ளோரிடா ஸ்டேட்டிலிருந்து பத்துப் பேர் போனார்கள். பெருமையான எண்ணிக்கை. இப்போது ஒவ்வொருவரும் எங்கிருந்து வந்தார் என்று பாருங்கள். வெர்ஸ் ஆல்பனியிலிருந்து. ப்ரேடன் ஃபிஸ்க் வெஸ்டர்ன் மிச்சிகனிலிருந்து. கோல்மன் மிச்சிகன் ஸ்டேட், பென்சன் ஆரிகன், வில்சன் அரிசோனா ஸ்டேட், ஜஹீம் பெல் சவுத் கரோலினா, ஜாரியன் ஜோன்ஸ் மிசிசிப்பி ஸ்டேட், டேட்டம் பெத்தூன் சென்ட்ரல் ஃப்ளோரிடா, டிராவிஸ் லூயிவில். பள்ளியிலிருந்து நேராக டாலஹாசிக்கு வந்து வளர்ந்தவர் ரெனார்டோ க்ரீன் ஒருவர்தான். பத்தில் ஒன்பது பேர் வெளியே இருந்து வந்தவர்கள்.

நார்வெலைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை, முதலில் இது அவருடைய சாமர்த்தியம். 2021-லிருந்து ஒருமுறை கல்லூரி மாறினால் ஒரு வருடம் உட்கார வேண்டியதில்லை என்று விதி மாறியது. டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்பது, கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கும் பட்டியல். அதிலிருந்து நல்ல ஆளைப் பொறுக்குவதில் அவரைப் போல அன்று யாருமில்லை. வெர்ஸை ஆல்பனியில் யார் தேடிப் போனார்கள்? அந்த வெர்ஸ் 2024-ல் ராம்ஸ் அணிக்காக ஆடி, என்.எஃப்.எல்.-லில் அந்த வருடத்தின் சிறந்த புதுமுக டிஃபென்ஸ் வீரர் ஆனார்.

அதோடு கோவிட் வருடம் கணக்கில் வராது என்று எல்லோருக்கும் கூடுதலாக ஒரு வருடம் கிடைத்தது. அதனால் 2023 அணியில் ஐந்தாவது, ஆறாவது வருட ஆட்கள் நிறைய. இருபத்துமூன்று வயது ஆம்பளைகள் பத்தொன்பது வயதுப் பையன்களோடு மோதினால் முடிவு தெரிந்ததுதான். ஆனால் அவர்கள் எல்லோரும் ஒரே நாளில் வெளியே போவார்கள். போனார்கள். அவர்களுக்குக் கீழே, உள்ளேயே வளர்ந்து தயாராக நின்றவர்கள் போதவில்லை. மறுபடி போர்ட்டலுக்குப் போனார்கள், இந்த முறை பொறுக்கியது சரியாக அமையவில்லை. வெளியிலிருந்து ஆள் எடுப்பதையே அடித்தளமாக வைத்தால் ஒரு வருடத் தேர்வு சொதப்பினாலே கட்டடம் ஆடும். 2023-ல் பிளேஆஃப் போயிருந்தாலும் 2024-ல் இதே ஆட்கள்தான் ஆடியிருப்பார்கள்.

டிராவிஸ் ஹண்டர் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

பேசினால் வயிறு எரியும், அதனால். நாட்டின் முதல் ரேங்க் பள்ளி வீரர் நமக்கு வருவதாகச் சொல்லி வைத்திருந்தார். 2021 டிசம்பரில், கையெழுத்துப் போடும் நாளில், ஜாக்சன் ஸ்டேட் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். அங்கே கோச் யார்? டியான் சாண்டர்ஸ், நம் பழைய நட்சத்திரமே. பின்பு இருவரும் கொலராடோ போனார்கள், 2024-ல் ஹண்டர் ஹைஸ்மன் விருது (கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரருக்கானது) வாங்கினார். நாம் 2-10. இரண்டு வருடம் கழித்து, 2023 டிசம்பரில், பிளேஆஃப் இல்லை என்று ஆன சில வாரத்தில் கே.ஜே. போல்டன் என்ற இன்னொரு ஐந்து நட்சத்திரப் பையன் (பள்ளி வீரர்களுக்குத் தரும் உச்ச மதிப்பீடு அது) கடைசி நேரத்தில் ஜார்ஜியா பக்கம் சாய்ந்தார். மேலே சொன்ன ஓட்டை இப்படித்தான் பெரிதானது.

2024-ல் களத்தில் என்னதான் நடந்தது?

சீசனுக்கு முந்தைய தரவரிசையில் பத்தாவது இடம். முதல் ஆட்டம் அயர்லாந்தில், டப்ளினில். ஜார்ஜியா டெக் கடைசி உதையில் 24-21 ஜெயித்தது. அடுத்து பாஸ்டன் காலேஜ், அப்புறம் நார்வெலின் பழைய அணி மெம்ஃபிஸ். இரண்டும் சொந்த மைதானத்தில் தோல்வி. கிளெம்சன், ஆரிகன் ஸ்டேட் என்று சுற்றி வந்த டி.ஜே. உயங்கலலே குவார்ட்டர்பேக்காக எடுபடவில்லை, அப்புறம் கையில் அடிபட்டு உட்கார்ந்துவிட்டார். பிளாக் செய்ய வேண்டிய ஆட்கள் நகர்வதற்குள் எதிரணி உள்ளே வந்துவிடும், யார் பந்தை எறிந்தாலும் இதே கதை. அதற்கு முன் டியூக்கிடம் தோற்றதே கிடையாது, அதுவும் அந்த அக்டோபரில் நடந்தது. நவம்பரில் நோட்ரடேமிடம் 52-3. ஜெயித்த இரண்டு ஆட்டங்கள் கலிஃபோர்னியா 14-9, சார்ல்ஸ்டன் சதர்ன் 41-7. இரண்டாவதை வெற்றி என்று எண்ணுவதற்கே வெட்கமாக இருக்கிறது.

அசிஸ்டன்ட் கோச்சுகளை நீக்கியது கண்துடைப்பா?

பாதி கண்துடைப்பு. நோட்ரடேம் ஆட்டம் முடிந்த மறுநாளே அஃபென்ஸ் பொறுப்பாளர் அலெக்ஸ் அட்கின்ஸையும் டிஃபென்ஸ் பொறுப்பாளர் ஆடம் ஃபுல்லரையும் அனுப்பினார்கள். அட்கின்ஸ் ஏற்கெனவே விதிமீறல் விவகாரம் ஒன்றில் அந்த சீசனின் முதல் மூன்று ஆட்டங்களுக்குத் தடை வாங்கியவர். ஆனால் களத்தில் எந்த நேரத்தில் எந்த உத்தி என்று முடிவு செய்துகொண்டிருந்தவர் நார்வெல்தானே! தன் கையிலிருந்த உத்திச் சீட்டை விட்டுக்கொடுப்பதுதான் உண்மையான மாற்றமாக இருக்க முடியும். அதையும் செய்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். தான் இளம் உதவியாளராக இருந்தபோது டல்சாவில் மேலே இருந்த கஸ் மால்சானையே கூப்பிட்டு, அஃபென்ஸை அவர் கையில் கொடுத்தார். நெப்ராஸ்காவிலிருந்து டோனி ஒயிட் டிஃபென்ஸுக்கு வந்தார்.

நார்வெலை ஏன் நீக்கவில்லை?

பணம். 2024 ஜனவரியில் அலபாமாவின் நிக் சேபன் ஓய்வை அறிவித்தார். அடுத்து யார் என்று நார்வெல் பெயர் அடிபட்டது. 13-0 கோச்சை விட்டுவிடக் கூடாது என்று பதறி, எட்டு வருடம், வருடத்துக்கு ஒரு கோடி டாலருக்கும் மேல் என்று ஒப்பந்தம் போட்டார்கள். பத்து மாதம் கழித்து அவரை அனுப்ப வேண்டுமென்றால் ஆறு கோடி டாலருக்கு மேல் எண்ணி வைக்க வேண்டும். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்.

வேறு யாரும் அப்படிக் கொடுக்கவில்லையா என்றால், கொடுத்தார்கள். நம் பழைய ஜிம்போ ஃபிஷரையே டெக்சஸ் ஏ அண்ட் எம் 2023-ல் ஏழரைக் கோடி டாலருக்கு மேல் கொடுத்து அனுப்பியது. 2025-ல் பென் ஸ்டேட் ஜேம்ஸ் ஃப்ராங்க்ளினையும், எல்.எஸ்.யு. பிரையன் கெல்லியையும், ஃப்ளோரிடா பில்லி நேப்பியரையும் சீசன் நடுவிலேயே அனுப்பின. ஆனால் 2025-லிருந்து வீரர்களுக்கே நேரடியாகப் பணம் கொடுக்க வேண்டிய நிலை. ஒரு வருடத்துக்கு ஒரு கல்லூரி 2.05 கோடி டாலர் வரை கொடுக்கலாம் என்று கோர்ட் ஒப்புதலோடு தீர்வு வந்தது. வீட்டில் உட்காரப்போகிற கோச்சுக்குக் கொடுக்கிற பணத்தில் எத்தனை வீரர்களைக் கொண்டுவரலாம் என்று நிர்வாகம் கணக்குப் போடுவது இயல்புதான்.

இன்னொன்று, 2-10-க்குப் பிறகு நார்வெல் தன் சம்பளத்தில் 45 லட்சம் டாலரை விட்டுக்கொடுத்தார். தோற்றபின் பணத்தைத் திருப்பிய கோச்சை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த ஒரு விஷயத்துக்காக அவரை எனக்குப் பிடிக்கும். பிடிக்கும் என்பதற்காக வைத்திருக்க வேண்டுமா என்பது வேறு விஷயம்.

2025-ல் அலபாமாவை ஜெயித்தோமே, அது என்ன?

அது ஒரு நாள் கூத்து, ஆனால் என்ன நாள்! ஆகஸ்ட் 30, டாலஹாசி, எட்டாவது ரேங்க் அலபாமா. பாஸ்டன் காலேஜிலிருந்து வந்த குவார்ட்டர்பேக் தாமஸ் கஸ்டெலானோஸ், சேபன் இல்லாத அலபாமா தன்னை நிறுத்த முடியாது என்று ஜூன் மாதமே வாய்விட்டிருந்தார். எல்லோரும் சிரித்தோம். 31-17 ஜெயித்துக் காட்டினார். 2023-ல் நம் இடத்தில் உட்கார்ந்தது அலபாமா என்பதால் அன்று ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கியதில் ஒரு கணக்குத் தீர்க்கும் சுகம் இருந்தது.

அடுத்த இரண்டு ஆட்டங்களில் 77-3, 66-10. "திரும்பி வந்துவிட்டோம்" என்று பேச ஆரம்பித்தார்கள். பின்பு வர்ஜீனியாவிடம் இரண்டாவது ஓவர்டைமில் 46-38. மயாமியிடம் ஆறு புள்ளியில், பிட்ஸ்பர்கிடம் மூன்று புள்ளியில், ஸ்டான்ஃபோர்டிடம் ஏழு புள்ளியில். கடைசியில் 5-7. அதோடு நார்வெலின் ஆறு வருடக் கணக்கு 38 வெற்றி, 34 தோல்வி. மற்ற வருடங்களை விட்டுவிட்டு 2022, 2023 இரண்டை மட்டும் எடுத்தால் 23-4. இந்த இரண்டு எண்களில் எதைப் பிடித்துக்கொள்கிறார் என்பதை வைத்து ஒரு ரசிகர் எந்தக் கட்சி என்று சொல்லிவிடலாம்.

புல்தரையைப் புதைப்பார்களாமே, உண்மையா?

உண்மை. பயிற்சி மைதானத்துக்குப் பக்கத்தில் அதற்கென்றே ஒரு இடம் இருக்கிறது. வெளியூரில், தோற்பார்கள் என்று எல்லோரும் சொன்ன ஆட்டத்தில் ஜெயித்தால், அந்த மைதானத்துப் புல்லில் ஒரு துண்டை வெட்டிக்கொண்டு வந்து புதைத்து, ஸ்கோரோடு பட்டயம் வைப்பார்கள். 1962-ல் ஜார்ஜியாவை 18-0 ஜெயித்ததிலிருந்து நடக்கிறது. ஃப்ளோரிடா அணியை அவர்கள் ஊரான கேன்ஸ்வில்லில் ஜெயித்தால் யார் பலசாலி என்ற கணக்கே வேண்டாம், புல் வந்துவிடும்.

2023 நவம்பரில் கேன்ஸ்வில்லில் ஜெயித்ததற்குப் பிறகு, 2024, 2025 இரண்டு சீசன்களிலும் எதிரணியின் ஊரில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. 2024-ல் நான்கு, 2025-ல் ஐந்து, ஒன்பதும் தோல்வி. அதிர்ஷ்டம், காயம், நடுவர் என்று ஒவ்வொரு தோல்விக்கும் சாக்கு சொல்லலாம். ஒன்பதுக்கும் சொல்ல முடியாது. கோச்சிங் மேல் எனக்கு இருக்கும் பெரிய புகார் இதுதான். திறமை குறைந்த அணிகூடத் தயாராகப் போனால் வெளியூரில் ஒன்றிரண்டு பிடுங்கிவரும்.

ஏ.சி.சி. (நம் கான்ஃபரன்ஸ்) மேல் வழக்குப் போட்டது என்ன ஆனது?

2023 டிசம்பரில், பிளேஆஃப் மறுக்கப்பட்ட மூன்று வாரத்துக்குள், சொந்த கான்ஃபரன்ஸ் மேலேயே வழக்குப் போட்டார்கள். வெளியேறினால் கட்ட வேண்டிய அபராதம் அநியாயம், டிவி வருமானம் மற்ற கான்ஃபரன்ஸ்களைவிடக் குறைவு என்பது வாதம். 2025 மார்ச்சில் சமரசம். டிவியில் அதிகம் பேர் பார்க்கும் அணிக்கு அதிகப் பங்கு, வெளியேறும் தொகை வருடா வருடம் குறையும். 2-10 அணிக்கு இந்தச் சமரசமே பெரிய விஷயம் என்பேன்.

இப்போது பன்னிரண்டு அணி பிளேஆஃப். அது 2023-லேயே வந்திருந்தால்?

உள்ளே போயிருப்போம். கான்ஃபரன்ஸ் சாம்பியன், நேரடி இடம். மூன்றாவது குவார்ட்டர்பேக்கோடு எவ்வளவு தூரம் போயிருப்போம் என்பது வேறு. பட்டம் வாங்கியிருப்போம் என்று சொல்கிற ஆட்களோடு நான் வாதாடுவதில்லை.

2026-க்கும் நார்வெலே தொடர்வது சரியா?

2025 நவம்பரில் நிர்வாகம் அவரே தொடர்வார் என்று அறிவித்தது. என்னைக் கேட்டால் தவறான முடிவு, ஆனால் புரிந்துகொள்ள முடிகிற தவறு. 2023 அணியைக் கட்டியவர் அவர், அதே கையால் அடுத்த வருட ஓட்டையையும் விட்டவர். பள்ளி வீரர்களை எடுத்து மூன்று வருடம் வளர்க்கும் வேலையை, "ஜெயிக்காவிட்டால் கிளம்பு" என்ற நிலையில் இருக்கிற கோச் செய்யவே மாட்டார். மறுபடி போர்ட்டலில் பெரிய ஆட்களைத்தான் தேடுவார். அது பலித்தால் எட்டு, ஒன்பது வெற்றி வரும், எல்லோரும் 2023 திரும்பியது என்பார்கள். வெளியூரில் இரண்டு ஆட்டமாவது ஜெயிக்கிறாரா என்று மட்டும் நான் பார்ப்பேன்.

ஃப்ளோரிடா கேட்டர்ஸ் ரசிகர் ஒருவர் ஆபீஸில் தினமும் கிண்டல் செய்கிறார். என்ன பதில் சொல்வது?

2025-ல் அவர்கள் 4-8, கோச்சையும் சீசன் நடுவில் அனுப்பினார்கள் என்று சொல்லுங்கள். அதே 4-8 அணியிடம்தான் நாம் 40-21 தோற்றோம் என்பதை அவர் நினைவுபடுத்துவதற்குள் காபி எடுக்கப் போய்விடுங்கள்.